அக்காவின் போர்ஷனுக்கு மூன்று வருட அக்ரிமெண்ட்

சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் "அக்ரிமெண்ட் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கு, பதினோரு மாசம்" என்பார்கள். எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது. முத்திரைத்தாளில் டைப் அடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பீரோவுக்குள் வைத்தால் அத்தோடு சரி. கேஸ் கனெக்‌ஷனுக்கோ ஆதாரில் முகவரி மாற்றவோ கேட்டால்தான் மறுபடி வெளியே வரும். 2019-க்கு முன்னால் அப்படி இருந்துவிட்டதில் பெரிய ஆபத்து இல்லை. இப்போது இருக்கிறது. வாடகைச் சட்டம் மாறி வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் அக்ரிமெண்ட்டைப் புதுப்பிக்கும்போது நாம் இன்னும் பழைய சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறோம். எங்கள் வீட்டில் இதை உட்கார்ந்து செய்து முடித்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நான் எழுதுவது வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து. பெரம்பூரில் எங்களுக்கு ஒரு வீடு. அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது கடன் வாங்கிக் கட்டியது. கீழே முன்பக்கம் அம்மா இருக்கிறார். பின்னால் ஒரு போர்ஷன், மாடியில் ஒன்று. அப்பா போன பிறகு அம்மாவின் மருந்துச் செலவும் வீட்டு வரியும் இந்த இரண்டு வாடகையில்தான் ஓடுகின்றன. கணக்கு வழக்கு பார்ப்பது நான். பின் போர்ஷனில் இருக்கும் குடும்பம் தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு குடிவந்தது. கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் இறந்துவிட்டார். நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறார். நாங்கள் அக்ரிமெண்ட் எழுத உட்கார்ந்தபோது மகன் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொண்டதில்லை. அப்பாவும் அக்காவின் கணவரும் திண்ணையில் நின்று பேசி முடித்த வாடகை, அவ்வப்போது ஐந்நூறு ரூபாய் கூட்டி, 8,500-இல் வந்து நின்றிருந்தது.

இந்த மாதிரி வாய்வார்த்தையாக வருடக்கணக்கில் குடியிருப்பது பழைய சட்டத்தில் பாதுகாப்பான நிலைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் வீடு கிடைக்காமல் வாடகை ஏறியபோது அரசு உத்தரவு போட்டுக் கட்டுப்படுத்தியது. அதற்கப்புறம் 1946, 1949 என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்து, 1960-இல் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைத்தது. அதன்படி ஒருவரைக் காலி செய்ய வைக்க வேண்டுமானால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை வீட்டுக்காரர் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார், உள்வாடகைக்கு விட்டார், எனக்கே குடியிருக்க வீடு வேண்டும், இடித்துக் கட்டப்போகிறேன், இப்படி ஏதாவது. அக்ரிமெண்ட் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. கெடு முடிந்தாலும் குடியிருப்பவருக்கு சட்டத்தின் காவல் தொடரும். வாடகையில் தகராறு என்றால் நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்டு இரண்டு பேரில் யாரும் போகலாம். குடியிருப்புக்குக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் வருடத்துக்கு 9 சதவீதம், கடை கண்ணிகளுக்கு 12 சதவீதம் என்று கணக்கு. மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு விதிவிலக்கு இருந்தது; அதையும் 1986-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

பிறகு ஏன் பதினோரு மாதம் எழுதினோம்? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் மிச்சம் பிடிக்கத்தான் பதினோரு மாதம். காலி செய்ய வைப்பதற்கு அந்தக் காகிதம் அந்தக் காலத்தில் பெரிதாக உதவியதில்லை.

அந்தச் சட்டத்தால் அடிபட்ட வீட்டுக்காரர்களும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் நண்பர் ஒருவர் ரிட்டயர் ஆனதும் சொந்த வீட்டுக்குக் குடிபோகலாம் என்று ஆர்.சி.ஓ.பி., அதாவது வாடகைக் கட்டுப்பாட்டு மனு, போட்டார். கீழ்க் கோர்ட், அப்பீல், ஹைகோர்ட் என்று இழுத்து, வீடு கைக்கு வந்தபோது அவருக்கு மாடி ஏற முடியாத வயசாகிவிட்டது. அதனால்தான் 1960 சட்டம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது போனபோது குடியிருப்பவர் கையில் என்ன மிஞ்சியது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது 2021 ஜூனில்தான். நாம் அதற்கு முன்பே வேறு வண்டியில் ஏறிவிட்டோம். புதுச் சட்டம் வந்ததும் 1960 சட்டம் போனது. நியாய வாடகை போனது. இப்போது எல்லாமே ஒப்பந்தம். வாடகை எவ்வளவு, எத்தனை காலம், எப்போது எவ்வளவு கூடும் என்பதையெல்லாம் இரண்டு பேரும் எழுதிக்கொண்டபடிதான். எழுத்தில் இல்லாத வாடகையே கூடாது என்கிறது 4-ஆவது பிரிவு. எழுதியதை ரெண்ட் அத்தாரிட்டியிடம், அதாவது துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாத அந்த அதிகாரியிடம், 90 நாளுக்குள் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்ட முடியாது.

கெடு முடிந்தால் என்ன ஆகும் என்று 5-ஆவது பிரிவு சொல்கிறது. வாடகைக்கு இருப்பவர் என்றால் இந்த ஒரு பிரிவையாவது படித்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிவதற்கு முன்னால், ஒப்பந்தத்தில் குறித்திருக்கும் காலத்துக்குள், புதுப்பிக்கும்படி வாடகைதாரர் கேட்கலாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் புது ஒப்பந்தம். புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், அதே நிபந்தனைகளோடு மாதா மாதம் நீள்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம். டிசம்பர் 31-இல் முடிந்த பதினோரு மாத அக்ரிமெண்ட்டை யாரும் தொடாமல் விட்டால், ஜூன் 30-ஓடு அந்த நிழலும் போய்விடும். வாடகையைத் தவறாமல் ஜிபேயில் அனுப்பிக்கொண்டிருந்தாலும் நிலைமை அதுதான். ஒரு காலத்தில் பதிவுச் செலவைத் தவிர்க்க எழுதிய பதினோரு மாதம், இன்றைக்கு ஒரு குடும்பம் அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதையே தீர்மானிக்கிறது. வார்த்தை ஒன்றும் மாறவில்லை. அதன் விளைவு தலைகீழாக மாறிவிட்டது.

எங்கள் அக்காவின் நிலைமை இதைவிட மோசம். அவருக்கு முடிவதற்கு ஒரு கெடுகூட இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே குடியிருந்தவர்களும் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விதி. முதலில் 90 நாள் கொடுத்தார்கள், பிறகு நீட்டினார்கள், அதுவும் முடிந்துபோனது. எழுதிக்கொள்ளவில்லை என்பதே காலி செய்ய வைக்க ஒரு காரணம் என்கிறது 21-ஆவது பிரிவு. எழுத வேண்டிய கடமை இருவருக்கும் பொது. எழுதாமல் விட்டால் வீட்டை இழப்பது மட்டும் ஒருவர். இந்தச் சட்டத்திலேயே எனக்கு ஒப்பாத இடம் இதுதான். வீட்டுக்காரர் இழுத்தடித்ததால் எழுதாமல் போயிருந்தாலும் விளைவு குடியிருப்பவர் தலையில்தான் விடிகிறது.

பெங்களூரில் இருக்கும் தம்பி இதைத் தெரிந்துகொண்டு போன் செய்தான். "எழுத்துல ஒண்ணுமே இல்லக்கா. அதை வெச்சே காலி பண்ணச் சொல்லலாம்னு வக்கீல் ஃப்ரெண்டு சொல்றான். அந்தப் போர்ஷனுக்கு இன்னைக்கு பதினஞ்சாயிரம் தருவாங்க." அவன் பேராசைக்காரன் இல்லை. அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டவன். 2022-இல் சொத்து வரியைக் கூட்டியதிலிருந்து அம்மாவுக்குக் கை கடிக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அதே போனில் நான் அவனிடம் கேட்டது இதுதான்: "அவங்க நம்மகிட்ட எழுதித் தர மாட்டேன்னு என்னைக்காவது சொன்னாங்களா? நாமதானேடா கேக்கல?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி, வாடகையாவது ஏத்து" என்றான். அது நியாயமான பேச்சு.

அம்மாவுக்கு வேறு கவலை. "இத்தனை வருஷம் கழிச்சு எழுதிக் கேட்டா, நம்மள சந்தேகப்படுறாங்கன்னு அவ நெனைக்கமாட்டாளா?" பழைய வீட்டுக்காரர்கள் நிறைய பேரிடம் இந்தத் தயக்கம் உண்டு. எனக்கு அது மரியாதைக்குரிய தயக்கமாகவே படுகிறது. ஆனால் இன்றைய சட்டத்தில் எழுதாமல் இருப்பது அவருக்குக் காட்டும் நம்பிக்கை ஆகாது. அம்மா இருக்கும்வரை அம்மாவின் வார்த்தை நிற்கும். அம்மாவுக்குப் பிறகு வீடு எனக்கும் தம்பிக்கும் வரும். எங்கள் இருவர் பிள்ளைகளுக்கும் அக்கா யாரோ. 6-ஆவது பிரிவின்படி, எழுதிய ஒப்பந்தம் வீட்டுக்காரரின் வாரிசுகளையும் கட்டும். குடியிருப்பவர் இறந்தால், மிச்சமிருக்கும் காலத்துக்கு அவரோடு அந்த வீட்டில் இருந்த கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு அந்த உரிமை போய்ச் சேரும். மிச்சக் காலம் என்று ஒன்று இருந்தால்தானே அது? அக்காவின் கணவர் கொரோனாவில் போனபோது அப்படி ஒரு காலம் எதிலும் எழுதியிருக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டார். "அப்ப அவ பேரையும் பையன் பேரையும் சேத்தே எழுது" என்று அவரே சொன்னார். அக்காவை வாடகைதாரராகவும் பையனை அவரோடு குடியிருப்பவராகவும் போட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் எங்கள் ஹாலில் உட்கார்ந்தோம். பத்திர எழுத்தரிடம் மாதிரி வாங்கி வந்திருந்தேன். நான்கு பக்கம். அந்த நடையில் எழுதியதை வாசித்தால் யாருக்கும் பயம்தான் வரும். "மேற்படி கெடு முடிந்தவுடன் வாடகைதாரர் எவ்விதத் தகராறும் ஆட்சேபணையும் இன்றி சொத்தைக் காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது." "உரிமையாளருக்குத் தேவைப்படும் பட்சத்தில் ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்ய வேண்டியது." "சகல ரிப்பேர்களையும் வாடகைதாரர் தம் சொந்தச் செலவில் செய்துகொள்ள வேண்டியது." அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "சரிங்க, எங்க கையெழுத்து?" என்றார். படித்த பையன்தான் மெல்ல வாயைத் திறந்தான்: "ஒரு மாசத்துல எப்டிக்கா வீடு கெடைக்கும்? எனக்கு மார்ச்ல பப்ளிக் எக்ஸாம்."

அவன் கேட்டது சரியான கேள்வி. அங்கிருந்து வரி வரியாக மாற்றினோம்.

காலம் மூன்று வருடம் என்று வைத்தோம். தம்பி போனிலேயே தயங்கினான், மூன்று வருடம் எழுதினால் உட்கார்ந்துகொள்வார்களே என்று. அது பழைய சட்டத்தின் பயம். இன்றைக்கு மூன்று வருடம் எழுதினால் மூன்று வருடம்தான். வாடகை பாக்கி விழுந்தாலோ, வேறு ஆளுக்கு விட்டாலோ, நமக்கே குடியிருக்க வேண்டியிருந்தாலோ, நடுவிலேயே ரெண்ட் கோர்ட்டுக்குப் போகவும் வழி இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இவ்வளவு பிடி கொடுத்த சட்டத்தின் கீழ் பதினோரு மாதத்தையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு அது வருடா வருடம் வரும் பதற்றம். புரோக்கருக்குத்தான் அதில் வருமானம்.

முடியும் தேதியை மே 31 என்று குறித்தோம். ஒப்பந்தம் ஆரம்பித்த மாதத்திலிருந்து எண்ணினால் வேறு மாதத்தில்தான் முடிந்திருக்கும். முதல் காலத்தைக் கொஞ்சம் நீட்டி மே மாதத்துக்குக் கொண்டுபோனோம். பள்ளிக்கூடம், காலேஜ் எதுவாக இருந்தாலும் படிப்பு நடுவில் வீடு மாற வேண்டி வராது. இதற்கு யாருக்கும் காலணா செலவில்லை. எந்த மாதிரி ஒப்பந்தத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

புதுப்பிக்கும் ஷரத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மாதிரியில் அப்படி ஒரு வரியே இல்லை. சட்டம் "ஒப்பந்தத்தில் குறித்த காலத்துக்குள்" கேட்கலாம் என்கிறது. ஒப்பந்தத்தில் எதுவும் குறிக்கவில்லை என்றால் எதை வைத்துக் கேட்பது? நாங்கள் இப்படி எழுதினோம்: கெடு முடிவதற்கு நான்கு மாதம் முன்னால் வாடகைதாரர் எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ புதுப்பிக்கக் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பதில் சம்மதம் என்றால், புது வாடகை அப்போது இருக்கும் வாடகையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. மறுப்பு என்றால் கெடு வரைக்கும் வாடகையைக் கூட்டக் கூடாது, வீடு பார்க்க வருபவர்களை முன்கூட்டிச் சொல்லாமல் அழைத்துவரக் கூடாது. கடைசி வரியை அம்மா சேர்க்கச் சொன்னார். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டில் பட்டதை அவர் மறந்திருக்கவில்லை.

வாடகை 10,000 ஆனது. வருடத்துக்கு ஐந்து சதவீதம் கூடும். ஒவ்வொரு வருடமும் எவ்வளவு என்று 10,000, 10,500, 11,025 என்று தொகையையே எழுதிவிட்டோம். சதவீதத்தை மட்டும் எழுதினால் பிறகு எதன் மேல் சதவீதம் என்று பேச்சு வரும். சந்தை விலையைவிடக் குறைவுதான். அந்தப் போர்ஷனில் வெயில் வராது, குளியலறைச் சுவரில் ஓதம் உண்டு, அக்காவின் வருமானம் தையலிலிருந்து வருவது. எல்லாவற்றையும் பார்த்துப் பேசி வந்த தொகை.

அட்வான்ஸ் விஷயம் வேடிக்கைப் பேச்சாகவே சென்னையில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மாத வாடகை என்பது இங்கே எழுதாத சட்டம். புதுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே, வேறு மாதிரி உடன்பாடு இல்லாத பட்சத்தில் என்று ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் நடக்கிறது. அதை அடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். மூன்று மாதம் என்று அச்சடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் என்று விட்டால், அவசரத்தில் வீடு தேடுகிறவர் எங்கே பேரம் பேசுவார்? அக்கா குடிவந்தபோது கொடுத்த 15,000 ரூபாய்க்கு ரசீது இல்லை. அப்பாவின் நோட்டில் இருந்தது, அக்காவுக்கும் அதே தொகைதான் நினைவு. அதை ஒப்பந்தத்தில் "ஏற்கனவே பெற்றுக்கொண்டது" என்று எழுதினோம். மூன்று மாதக் கணக்குக்கு மீதி 15,000. தீபாவளிக்கு முன் தையல் ஆர்டர் வரும்போது தவணையில் தருவதாகப் பேச்சு. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அதையும் வரியாகப் போட்டோம்.

ரிப்பேர் பற்றி மாதிரியில் இருந்தது சட்டத்துக்கே நேர்மாறு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்திருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், பிளக், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர். அதை அப்படியே எடுத்துப் போட்டோம். குளியலறைச் சுவரின் ஓதத்தைப் பையன் அன்றைக்கே போட்டோ எடுத்தான். மூன்று ஃபேன், நான்கு டியூப் லைட், இரண்டு சாவி என்று ஒரு பட்டியலும் கடைசிப் பக்கத்தில் சேர்ந்தது. கரண்ட்டுக்குத் தனி மீட்டர் இருப்பதால், இ.பி. கார்டில் வாரியம் போடும் தொகை எதுவோ அதுதான், யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாங்கள் வசூலிக்கக் கூடாது என்று எழுதினேன். இலவச யூனிட் என்பது வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்காக அரசு கொடுப்பது. அதைப் பல வீடுகளில் இடையிலேயே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி பதிவு. இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, ரெண்ட் அத்தாரிட்டியிடம் செய்யும் பதிவு வேறு. பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு முதலாவது கட்டாயமில்லை. ஆனால் இரண்டாவது கட்டாயம். நோட்டரி முத்திரை இரண்டுக்குமே ஈடாகாது. எங்களுடையது மூன்று வருடம் என்பதால் இரண்டும் தேவைப்பட்டன. முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒரு ரூபாய், பதிவுக் கட்டணம் நூற்றுக்கு ஒரு ரூபாய். மூன்று வருட வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்து நான்கு லட்சத்துச் சொச்சம் வந்ததால் மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம். வீட்டுக்காரர் பாதி, வாடகைதாரர் பாதி என்று மாதிரியில் இருந்தது. காலத்தை நீட்டியதால் வந்த செலவு என்பதால் அம்மா முழுதும் தானே தருவதாகச் சொன்னார். அக்கா விடவில்லை, இரண்டாயிரம் கொடுத்தார். பதினோரு மாதத்தை மூன்று தடவை எழுதினால் ஒவ்வொரு தடவையும் டைப்பிங், முத்திரைத்தாள், அலைச்சல், வாடகைப் பேச்சு என்று ஆகியிருக்கும். மூன்று வருட நிம்மதிக்கு இது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரெண்ட் அத்தாரிட்டி பதிவுக்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. இருவரின் விவரம், அடையாள எண்கள், வீட்டு விலாசம், குடிவந்த தேதி, வாடகை, காலம் எல்லாவற்றையும் நிரப்பி, ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஒரு பதிவு எண் வரும். அந்த எண்ணைத் தனியாக எழுதி அக்காவிடம் கொடுத்தேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. சேர்ந்து செய்ய முடியாமல் போனால் தனித்தனியாகவும் விவரம் தாக்கல் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. வீட்டுக்காரர் "அதெல்லாம் எதுக்கு" என்று தட்டிக்கழித்தால் அந்த வழியைப் பயன்படுத்துங்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தின் அசல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ஜெராக்ஸ் போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இடையில் தகராறு வந்தால் தண்ணீரை அடைப்பது, கரண்ட்டைப் பிடுங்குவது எல்லாம் 20-ஆவது பிரிவின்படி செய்யக் கூடாதவை. ரெண்ட் அத்தாரிட்டியிடம் புகார் கொடுக்கலாம். வாடகையை வாங்க மறுத்தால் அங்கேயே டெபாசிட் செய்யவும் வழி உண்டு.

மாடிப் போர்ஷனின் ஒப்பந்தமும் இப்போது முடியப்போகிறது. அங்கே இருப்பது ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளம் ஜோடி. அக்காவுக்கு எழுதிய மாதிரியையே அவர்களுக்கும் மூன்று வருடத்துக்கு நீட்டினேன். "வேண்டாம் ஆன்ட்டி, ஹைதராபாத் டிரான்ஸ்ஃபர் வரலாம், பதினோரு மாசமே போதும்" என்றார்கள். அவர்களுக்கு வேண்டியது சீக்கிரம் கிளம்புகிற சுதந்திரம். ஆறு மாதத்துக்கு முன் காலி செய்தால் அட்வான்ஸில் ஒரு மாதம் பிடிக்கும் ஷரத்து மாதிரியில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, இரண்டு மாத முன்னறிவிப்பு போதும் என்று மாற்றினோம். புதுப்பிக்கக் கேட்கும் வரி, ரிப்பேர் அட்டவணை, மூன்று மாத அட்வான்ஸ், இ.பி. எல்லாம் அப்படியே இருக்கின்றன. கையெழுத்தானதும் அதையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். இருவருடைய பான் எண்ணுக்காகக் காத்திருக்கிறேன்.